லோடு ஏறுது, இறங்கல

‘ரத்தப் பரிசோதனைக்கு முன் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது’ என்ற சீட்டை அரைடன் படித்து முடித்தபோது அவர் வாயில் மூன்றாவது பன் இருந்தது. நான்காவது கையில் இருந்தது.

அரைடன் என்பது கோடவுனில் வைத்த பெயர். வைத்தவர்கள் யாரும் அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்ததில்லை, எல்லாம் கண்ணளவுதான். பன்னிரண்டு வருஷமாக அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கண்ணாடிச் சாமான் பெட்டியை நாலு அடுக்கு உயரத்துக்குத் தூக்கி, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்துவிட்டு வருவார். இதுவரை ஒரு பெட்டி விழுந்ததில்லை.

சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. லிப்பிட் புரொஃபைல், அதாவது ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பின் அளவு, கூடுதலாக இருந்தால் வண்டி ஓட்டும் அனுமதி ரத்து. அந்த ஆள் ஸ்டிக்கர் ஒட்டும் பிரிவுக்கு மாற்றப்படுவார்.

“ஸ்டிக்கர் ஒட்டறதா? நானா? ஸ்டூல்ல உக்காந்தா?” என்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார். “பெட்டியைத் தூக்கறது வண்டி. என் ரத்தத்துல எண்ணெய் ஓடினா என்ன, தண்ணி ஓடினா என்ன? எவனுக்கு என்ன வந்துச்சு?”

“இதை டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?” என்றாள் மனைவி.

“சொல்லத்தான் போறேன். நான் என்ன பயந்தவனா?”

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மச்சினனைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

மச்சினனுக்கு வீட்டில் ஈர்க்குச்சி என்று பெயர். பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். அக்கா தூக்கி வளர்த்த தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தவன், இன்னும் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

“மாப்ள, நாளைக்குக் காலையில என் கார்டை எடுத்துட்டுப் போய், என் பேர்ல நீ ரத்தம் குடுத்துட்டு வா.”

“மாமா, ஊசின்னா எனக்கு…”

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். உன்னை நீயே கண்ணாடியில பாரு. பல்லி மாதிரி இருக்கே. உன் ரத்தம் பாஸாகலைன்னா வேற எவன் ரத்தம் பாஸாகும்?”

கார்டில் இருந்த படம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. அப்போது அரைடன் கால் டன்கூட இல்லை. ரத்தம் எடுக்கிற லேப் பெண்ணோ வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது, யாரையும் தெரியாது. தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாத மனுஷனைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைப்பேன் என்கிறவர்கள் மட்டும் ரொம்ப யோக்கியமா?

மறுநாள் காலை ஈர்க்குச்சி திரும்பி வந்தான். கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது மாமா” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நாள் கோடவுன் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். அரைடன் விசிலடித்துக்கொண்டே போனார்.

டாக்டர் ஒல்லி. அந்த ஒல்லியில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவார், ஏறிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். மேசை நிறையக் கவர்கள். ஒரு கவரின் மேல் டீ டம்ளர், பக்கத்தில் கிரீம் பிஸ்கட் பொட்டலம். முழங்கையை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டே ரிப்போர்ட்டைப் படித்தவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அரைடன்னைப் பார்த்தார்.

“நீங்க எப்படி நடந்து வந்தீங்க?”

“காலாலதான் டாக்டர்.”

“வேடிக்கையா? டிரைகிளிசரைடு நூத்தம்பதைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ரெண்டாயிரத்து நூத்து நாப்பது! இதுக்குப் பேர் என்ன தெரியுமா? ஹைப்பர்டிரைகிளிசரிடீமியா!”

அந்தச் சொல்லை முழுசாகச் சொல்லி முடித்ததில் டாக்டருக்கே ஒரு திருப்தி. இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

“புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்.”

“சாப்பிடற கொழுப்பை மூட்டை கட்டி ரத்தத்துல ஏத்திட்டுப் போற வண்டிக்குப் பேர் கைலோமைக்ரான். அந்த மூட்டையைப் பிரிச்சு இறக்கற ஆள் லைப்பேஸ். உங்க உடம்புல இறக்கற ஆள் வேலைக்கே வரல. வண்டியெல்லாம் லோடோட ரோட்டுலயே நிக்குது.”

இது அரைடன்னுக்குப் புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது. லோடு ஏறுது, இறங்கல. கோடவுனில் ஒரு நாள் அப்படி ஆனாலே எல்லாம் ஸ்தம்பித்துவிடும்.

“இறங்கலைன்னா என்ன ஆகும்?”

“கணையம் வீங்கும். திடீர்னு ஒரு நாள் வயித்தைப் பிடிச்சுட்டு விழுந்தா, எழுந்திருக்கறது நிச்சயமில்ல. தோல்ல மஞ்சளா பொரிப்பொரியா வரும், அதுக்குப் பேர் ஸாந்தோமா. இந்த நம்பர் இருக்கற ஆள் வண்டி இல்ல, பேனாகூடப் பிடிக்கக் கூடாது! இன்னையிலேர்ந்து உங்க அனுமதி நிறுத்தி வெச்சிருக்கு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா நிரந்தரமா ஸ்டிக்கர்தான்.”

கதவோரம் நின்றிருந்த லேப் பெண் மெல்ல, “டாக்டர், அந்தக் கவர்…” என்றாள்.

“இரும்மா. பேஷண்ட் இருக்கறப்ப என்ன கவர்?”

அரைடன் எழுந்தார். அவர் நினைத்தது வண்டியை அல்ல. அந்த ரத்தம் யாருடையது என்பது அவருக்குத்தானே தெரியும்? ஐயோ, ஈர்க்குச்சி!

வீட்டுக்கு வருவதற்குள் கிளினிக் அனுப்பிய உணவுப் பட்டியல் மனைவியின் போனுக்கு வந்துவிட்டிருந்தது. அவள் அதிலிருந்த எல்லா வார்த்தையையும் காலண்டருக்குப் பின்பக்கம் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டாள்.

“இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு கைலோமைக்ரான் நுழையக் கூடாது” என்று வாசலில் நின்றே அறிவித்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவர் தட்டில் வேகவைத்த முட்டைகோஸ் விழுந்தது. அவருக்காக வாங்கியிருந்த வெண்ணெயும் கேக்கும் தம்பி பக்கம் போயின.

“நீ சாப்பிடுடா. இவருக்குத்தான் குடுத்து வைக்கல. நீயாவது தேறு.”

ஈர்க்குச்சி ரொட்டியில் வெண்ணெயை விரலளவு அப்பி வாய்க்குக் கொண்டுபோனான். அரைடன்னின் கண்ணுக்கு அது ரொட்டியாகத் தெரியவில்லை, லோடு வண்டியாகத் தெரிந்தது. எட்டிப் பிடுங்கினார்.

“என்னங்க இது! சின்னப் பையன் தட்டுலேர்ந்தா?”

“சின்னப் பையனா? முப்பத்தொண்ணு ஆகுது! அவன் இதைச் சாப்பிடக் கூடாது.”

“ஏன்?”

ஏன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஆள் மாறாட்டம் வெளியே வரும், வண்டி போகும். சொல்லாவிட்டால் பையன் போய்விடுவான். அரைடன் யோசித்தார். கையிலிருந்த ரொட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். வேறு எங்கே வைப்பது?

“பேராசை” என்றாள் மனைவி. “சாகப் போற நேரத்துலயும் அடங்க மாட்டீங்களா? அவ்வளவு திமிரா?”

அன்றிலிருந்து வீட்டில் போர். அவள் தம்பிக்கு முட்டை பொரித்தால் இவர் பாதி வழியில் பறித்தார். கேக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், சாவியைத் தேடி எடுத்து முழுக் கேக்கையும் நின்றுகொண்டே தின்று தீர்த்தார். ருசிக்காக இல்லை, சத்தியமாக இல்லை. வீட்டில் இருந்தால் அவன் சாப்பிட்டுவிடுவானே! நாலாம் நாள் கரண்டியால் வெண்ணெயை வழித்து விழுங்கிக்கொண்டிருந்தபோது கையும் கரண்டியுமாகப் பிடிபட்டார்.

“எதுக்குங்க இப்படி?” என்று அவள் அழுதேவிட்டாள்.

“ஒரு நல்ல காரியத்துக்கு” என்றார் வாய் நிறைய வெண்ணெயோடு. “போகப் போகத் தெரியும்.”

அவள் நம்பவில்லை. நீங்களாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

ஏழாம் நாள் காலை. ஈர்க்குச்சி முகம் கழுவச் சட்டைக் கையை மடித்தான். முழங்கை முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள்.

அரைடன் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கீழே போட்ட முதல் பொருள் அதுதான்.

“ஸாந்தோமா!”

“என்னது மாமா? இது போர்டுக்கு அடிச்ச…”

“பேசாதே. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ. வயிறு வலிக்குதா?”

“நீங்க அமுக்கறதாலதான் மாமா வலிக்குது!”

அவனை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். “என் தம்பியை எங்கேங்க தூக்கிட்டுப் போறீங்க?” என்று மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். மூன்று பேரும் அந்தக் கோலத்தில் கிளினிக்குக்குள் நுழைந்தபோது, டாக்டர் டீ டம்ளரை வழக்கமான கவரின் மேல் வைத்துவிட்டுப் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். லேப் பெண் ஊசியோடு தயாராக நின்றிருந்தாள்.

“உங்களுக்குத்தானே இன்னைக்கு டெஸ்ட்? இவர் யாரு?”

அரைடன் மச்சினனைப் படுக்கையில் கிடத்தினார். நிமிர்ந்து நின்றார்.

“டாக்டர், அன்னைக்கு என் பேர்ல ரத்தம் குடுத்தது நான் இல்ல, இவன். நான்தான் அனுப்பினேன். எனக்கு வண்டி வேணும்னு அனுப்பினேன். போகட்டும், வண்டி போகட்டும். நாளையிலேர்ந்து ஸ்டிக்கர் ஒட்டறேன், நெத்தியில ஒட்டிக்கச் சொன்னாலும் ஒட்டிக்கறேன். முதல்ல இவனைப் பாருங்க. உடம்பெல்லாம் பொரிஞ்சுடுச்சு!”

மனைவி அவர் பக்கத்தில் வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்ப அந்த வெண்ணெய் எல்லாம்… என் தம்பிக்காகவா முழுங்கினீங்க?”

“பின்ன? எனக்கு வெண்ணெயே பிடிக்காது” என்றார் அரைடன். இது மட்டும் பொய்.

டாக்டர் ஈர்க்குச்சியின் முழங்கையை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் கையோடு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

“பெயிண்ட்!”

“அதைத்தான் காலையிலேர்ந்து சொல்றேன்” என்றான் ஈர்க்குச்சி.

டாக்டர் எழுந்து நின்றார். “ஆள் மாறாட்டம்! மோசடி! இதை நான் சும்மா விடுவேன்னு நினைச்சீங்களா? நீங்க இனிமே ஜென்மத்துக்கும் வண்டியில ஏற முடியாது. இப்பவே எழுதறேன்.”

“எழுதுங்க டாக்டர், நல்லா எழுதுங்க” என்று அரைடன் சட்டைக் கையைச் சுருட்டினார். “அதுக்கு முன்னாடி என் கையிலேர்ந்து என் ரத்தத்தை எடுத்துப் பாருங்க. வர்ற நம்பர் எதுவா இருந்தாலும் அது என் நம்பர். இனிமே நான் எவன் பின்னாலயும் ஒளிய மாட்டேன். ஆனா கொழுப்பு ஜாஸ்தின்னா மருந்து குடுங்க. ஸ்டூல் குடுக்காதீங்க!”

லேப் பெண்ணின் கண் கலங்கியது. ஈர்க்குச்சி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான்.

“மாமா, திட்டக் கூடாது. அன்னைக்கு நான் ரத்தமே குடுக்கல.”

“என்னது?”

“ஊசியைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்துட்டேன். முழிச்சதும், மாமாவுக்கு வேலை போயிடும்னு அழுதேன். இந்த லேப் அக்காதான் கையில பஞ்சை ஒட்டி, நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்னு அனுப்பிச்சாங்க.”

எல்லோரும் லேப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

“மனசு கேக்கல டாக்டர்” என்றாள். “அன்னைக்குக் காலையில முதல்ல எடுத்த ரத்தம் ரெண்டு டியூப் இருந்துச்சு. இந்தக் கட்டடத்துலயே இதைவிடச் சுத்தமான ரத்தம் இருக்காது, கண்டிப்பா பாஸாயிடும்னு நம்பி, ஒரு டியூப்ல இவர் பேரை ஒட்டிட்டேன்.”

“ரெண்டாயிரத்து நூத்து நாப்பது சுத்தமா?” டாக்டர் மேசையை அறைந்தார். டீ தளும்பியது. “யாரோட ரத்தம்மா அது? அந்த ஆள் இந்தக் கட்டடத்துலயா நடமாடிட்டிருக்கான்? எவனா இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம் வேலை பார்க்க விட மாட்டேன். பேரைச் சொல்லு, உங்க எல்லாரோட பேரோடயும் சேர்த்து எழுதி வெளியில அனுப்பறேன்!”

முழங்கையைச் சொறிந்துகொண்டே பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வெச்சுட்டு மெதுவா உக்காருங்க டாக்டர்” என்றாள் லேப் பெண். “ஒரு வாரமா உங்க டீ டம்ளருக்கு அடியில பிரிக்காமலே கிடக்கே உங்க பேர் போட்ட ஒரு கவர், அதுக்குள்ளயும் இதே நம்பர்தான்.”