பெண் பார்த்த இடத்தில் ஒரு பெருக்கல்

மல்லேசுவரம், பெங்களூர்
27-8-2001

சிரஞ்சீவி மச்சினன் சம்பத்துக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை. நீ அனுப்பிய வரன் நேற்று வந்து போன பிறகு யாரும் சௌக்கியமாக இல்லை.

பையன் பத்ரிநாத்துக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய வேலை, தங்கமான பிள்ளை என்றாய். பாடத் தெரியுமா என்று கேட்பார்கள் என்று உன் அக்கா கோமளம் எங்கள் பெண் அதிதியைத் தயார் செய்து வைத்திருக்க, அந்தத் தங்கம் சொஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு ஆள் எடுப்பவன் மாதிரி, "ரெண்டோட பதினஞ்சாவது பவர் வேணும். குறைஞ்சது எத்தனை பெருக்கல்ல முடிக்கலாம்?" என்கிறான். பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பதினைந்து இரண்டுகளைப் பெருக்கப் பதினான்கு பெருக்கல் என்று நான் முந்திக்கொண்டு சொல்லி அசடு வழிந்தேன். அதிதி நிமிர்ந்தாள். "அஞ்சு. ரெண்டு பெருக்கல்ல எட்டு வந்துடும். எட்டை எட்டால பெருக்கினா அறுபத்திநாலு. அதை அதாலயே பெருக்கினா நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு. கையில இருக்கற எட்டால இன்னொரு தடவை. முடிஞ்சுது."

"இல்லை, ஆறு. எங்க கம்பெனி முறை அதான். கிளையண்டே ஒத்துண்டாச்சு."

"ஏன், கிளையண்டுக்குப் பெருக்கத் தெரியாதா?" என்றாள் என் பெண். அவ்வளவுதான், பையனின் அம்மா அலர்மேல்மங்கை, "ஒரு பெருக்கல்தானேம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். நாளைக்கு எவ்வளவோ விட்டுக் குடுக்கணும்" என்றார். ஏன் விட்டுக் கொடுக்க வேண்டும்? சரியான விடையை எதற்காக விட்டுக் கொடுக்க வேண்டும்? முப்பது வருஷம் கணக்குத் தணிக்கை செய்தவன் கேட்கிறேன்! அவர்கள் போனதும் குழந்தை கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வயிறு எரிகிறது. கோமளமோ, "ஆறுன்னு சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா?" என்கிறாள். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நீயே அவர்களிடம் சொல்லிவிடு. அவன் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்காவது நல்ல மாமாவாக வாய்க்கட்டும்.

கொதிப்புடன்,
சீனிவாசராகவன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினால் வாசலில் அந்தப் பையனே நிற்கிறான். "அஞ்சுதான் சார். அவங்ககிட்ட நேர்ல சொல்லணும்" என்றான். சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? இருபத்திமூன்றாவது பவருக்கு எத்தனை என்று கேட்டான். அதிதி ஏழு என்றாள். அவன் ஆறில் போட்டுக் காட்டினான். என் பெண் கணக்கில் தோற்று நான் பார்த்ததில்லை. தோற்றுவிட்டு இப்படிச் சிரித்தும் பார்த்ததில்லை. அவர்களிடம் எதையும் சொல்லித் தொலைக்காதே. ஐப்பசியில் முகூர்த்தம் பார்.