சால்மோனெல்லா முடித்துவைத்த கூலித் தகராறு

சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லிச் சம்பளம் வாங்கிய நான்தான், குத்தாலம் பக்கத்து ஊர் ஒன்றை ஒரே பந்தியில் படுக்கவைத்தவன். (சுகாதார ஆய்வாளர். வயது இருபத்து மூன்று. மீசையைவிடக் கர்வம் அடர்த்தி.)

அந்த வருஷம் கதிர் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. கூலியில் ஒரு படி நெல் கூட்டாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்றது சங்கம். வெளியூர் ஆளை இறக்குவேன் என்றார் மிராசுதார். போலீஸ் வேனும் வந்துவிட்டது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் பேச்சுவார்த்தை; கையோடு, அந்தக் காலத்து வழக்கப்படி, இரு தரப்புக்கும் சமபந்தி விருந்து. சமையல் மேற்பார்வை அடியேன்.

பக்கத்து ஊரில் அறுத்த வயலில் வாத்து மேய்த்தவர் நூறு முட்டை கொடுத்தார். எல்லாம் சேறும் எச்சமுமாக இருந்தன. அப்படியே வேகவைத்திருந்தால் பிழைத்தோம். நானோ ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அதே தண்ணீரில் வெள்ளரிப் பிஞ்சுகளையும் அலசினேன்.

"தண்ணிய மாத்துங்க சார், வாத்துப் பீ மிதக்குது" என்றார் வாத்துக்காரர்.

"யோவ், இதுக்கே ரெண்டு வருஷம் படிச்சவன்யா நான்!"

வெள்ளரியை நறுக்கித் தேங்காய்ப்பூ தூவி வைத்தேன். பேச்சு மூன்று மணி நேரம் இழுத்து, முறிந்தது. பந்தி மட்டும் முறைப்பாக நடந்தது. (முட்டை நன்றாக வெந்திருந்தது. வெள்ளரியைத்தான் இரு தரப்பும் மறுபடி கேட்டு வாங்கின.)

மறுநாள் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் மிராசுதாரும் சங்கத் தலைவர் காத்தையனும். எதிர்க் கட்டிலில் நான். கக்கூஸ் ஒன்றே ஒன்று.

"நீங்க முதல்ல போங்க, காத்தையன்" என்றார் மிராசுதார்.

"ஐயா போங்க. எனக்குக் கொஞ்சம் தாங்கும்."

"தாங்காதுய்யா, மொகத்துலயே தெரியுது. அந்த ஒரு படி தானே? தர்றேன். போய்ட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

மூன்றாம் நாள் அரிவாள் இறங்கியது. நெல் தப்பித்தது.

பரிசோதனையில் கிருமியின் பெயர் தெரிந்தது: சால்மோனெல்லா. வாத்தின் குடலில் வாடகையில்லாமல் குடியிருந்து (வாத்துக்கு ஒரு தும்மல்கூட இல்லை), முட்டை ஓட்டில் ஏறி, வாளியில் நீந்தி, வெள்ளரியில் உட்கார்ந்து வெக்கையில் குடும்பம் பெருக்கி, சாதி கட்சி பார்க்காமல் எல்லார் வயிற்றிலும் நுழைந்திருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதும் வாளி விளிம்பில் உயிரோடு இருந்ததாம். அந்த உழைப்பில் பாதி எனக்கிருந்தால் கலெக்டராகியிருப்பேன்.

அந்த ஊரில் அந்தக் கூலிக்கு 'பேதிப் படி' என்றே பேர் நிலைத்துவிட்டது. பிறகு அங்கேயே பெண்ணும் கட்டினேன். இன்றைக்கும் பிள்ளைகளுக்குள் பாகத் தகராறு முற்றினால் என் மனைவி குரல் உயர்த்துவதில்லை.

"நீங்களா ஒத்துப்போறீங்களா? இல்ல, அப்பாவச் சமைக்கச் சொல்லட்டா?"