முத்தழகி எழுதிவைத்த கணக்கு

மேழிநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பெய்தால் "நல்ல மழை" என்பார்கள், எத்தனை அங்குலம் என்று கேட்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் கைக்கு வந்த அரிசியை உலையில் போடுவார்கள். மக்கள் இப்படிக் கணக்கில்லாமல் நிம்மதியாக இருப்பது அரண்மனைக்கு உறுத்தியது. மன்னர் எண்ணிக்கைச் சட்டம் போட்டார். குடிமக்களின் சிரிப்பு, தும்மல், பெருமூச்சு எல்லாம் அன்றாடம் எண்ணப்பட்டன.

சட்டம் முத்தழகியின் சோற்றுக்கூடத்துக்கும் வந்தது. ஊர் நெல் கொடுக்கும். நடவுக்கு வருகிறவர்களுக்கு அவள் பொங்கிப் போடுவாள். சாப்பிடுகிறவர் இலைமேல் கையை விரித்து மறைக்கும்வரை அவள் கரண்டி ஓயாது.

எண்ணிக்கை அதிகாரி நுண்மதியார் ஓலையை விரித்தார். "வயிறொன்றுக்குக் கரண்டி மூன்று. கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்."

"விடிஞ்சதுலேருந்து சேத்துல நின்னவனுக்கும் காய்ச்சக்காரிக்கும் ஒரே அளவாங்க ஐயா?"

"வயிறு என்பது வயிறுதான், அம்மா. ஆய்வுக்குழு கண்டறிந்துள்ளது."

ஏர் ஓட்டும் சடையாண்டி அரைவயிற்றோடு எழுந்தார். காய்ச்சல்காரி மூன்றாவது கரண்டியை விழுங்கி வாந்தியெடுத்தாள். அதையும் எண்ணிக்கொண்டார்கள். பிறகு, எண்ணுகிறவர்கள் ஒழுங்காக எண்ணுகிறார்களா என்று எண்ண ஆட்கள் வந்தார்கள். எண்ணாளரை யாரும் எண்ணக்கூடாது என்பது சட்டம். ஆகவே அவர்கள் சாப்பாட்டுக்கு அளவே இல்லை. பானை காலியானது.

"கணக்கு இடிக்கிறது. நாளை கூடத்துக்கு முத்திரை வைக்கப்படும்" என்றார் நுண்மதியார்.

அடுப்பு அணைந்தால் நடவு நின்றுபோகும், ஊரே பட்டினி கிடக்கும். ஆனால் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளில்லை முத்தழகி.

"எண்ணாளர் வேலைக்கு யாரு வேணாலும் சேரலாமாங்க?"

"தாராளமாக! எண்ணாளர் பெருகினால் நாடு முன்னேறுகிறது என்று பொருள்."

"அப்ப எங்க எல்லார் பேரையும் எழுதிக்குங்க."

பொழுது சாய்வதற்குள் ஊரே எண்ணாளர் வில்லை குத்திக்கொண்டது. எண்ணக்கூடாதவர்கள் சாப்பிடும் கூடத்துக்கு முத்திரை வைக்க வழியில்லாமல் நுண்மதியார் திரும்பிப் போனார். செய்தி பரவி, பத்தே நாளில் நாடு முழுக்க வில்லை. மன்னர் முரசறைந்து வளர்ச்சியைக் கொண்டாடினார்.

ஆனால் எண்ணாளர் ஒவ்வொருவரும் தினம் ஓர் ஆளையாவது எண்ணியாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. நாடெங்கும் தேடினார்கள். வில்லை குத்தாதவர் ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருந்தார்.

அரண்மனை முற்றம் நிரம்பி வழிந்தது. முத்தழகி ஓலையும் எழுத்தாணியுமாக முன்வரிசையில் உட்கார்ந்தாள். மன்னர் உரையாற்ற எழுந்தார்.

"நமது ஆட்சியில் ஒருவர்கூடப் பசியோடு படுத்ததில்லை!"

"ஒண்ணு" என்று எழுதிக்கொண்டாள் முத்தழகி.

மன்னர் திடுக்கிட்டார். "நாம் மக்களிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை!"

"ரெண்டு" என்றது முற்றம் முழுவதும்.

மன்னர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கூட்டத்தைப் பார்த்தார், எழுத்தாணியைப் பார்த்தார். அவருடைய மூன்றாவது வாக்கியம் எண்ணிக்கைச் சட்டத்தை ரத்து செய்தது.

அதை யாரும் எண்ணவில்லை.