குற்றவாளி என் பேரன் அல்ல, என் வீட்டுக்காரர்

கோல்டர்வில், அலபாமா
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வெர்னிஸ் அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி ஒடெஸா எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். டெட்ராய்ட்டில் உங்கள் ரத்த அழுத்தம் அடங்கியிருக்க ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

முதலில் பேரப்பிள்ளைகள். லாட்ரிஸ் நர்ஸ் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டாள். இனி என் முழங்காலுக்காக டாக்டரிடம் சண்டை போட வீட்டிலேயே ஆள் உண்டு. டெஸ்மண்ட் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் தன்னைவிடப் பெரிய குழலை ஊதி மாநிலப் பரிசு வாங்கினான். அவன் பழகும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஊரைவிட்டே போய்விட்டது, அதற்கு அவன் என்ன செய்வான். குட்டி அமாரி எழுத்துக்கூட்டும் போட்டியில் ஜெயித்த வார்த்தையை எனக்கு இன்னும் வாசிக்க வரவில்லை, என்னைத்தான் அஞ்சாம் வகுப்போடு பருத்திக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்களே. எல்லாருக்கும் மேலே, நம் ட்ரே சொந்தமாக ஓர் இழுவை வண்டி, அதுதான் வழியில் நின்றுபோன கார்களை இழுத்துப் போகிற லாரி, வாங்கிவிட்டான். சிவப்பு நிறம், கதவில் நம் குடும்பப் பெயர், பின்னால் யானையைக்கூடத் தூக்குகிற மாதிரி ஒரு கொக்கி.

அந்த வண்டியால் வந்ததுதான் விஷயம். உங்கள் காதுக்கு வேறு யார் வாய் வழியாகவும் வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மூப்பர் அமோஸ் அடக்க ஆராதனையில் நாங்கள் அழுதுகொண்டிருந்தபோது, எவனோ ஒருவன் இழுவை வண்டியோடு வந்து சபை வாசலில் நின்ற கார்களை ஒவ்வொன்றாகக் கொக்கி போட்டு இழுத்துப் போய்விட்டான். ஹாட்டி கிழவியின் காரில் அவள் ஊன்றுகோலும் வீட்டுச் சாவியும் விலாசமும் இருந்தன. அடுத்த வாரம் அவள் வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். விசாரித்தால், அவன் வீடு புகுந்து திருடி ஜெயிலுக்குப் போய் வந்தவனாம். நடுரோட்டில் நம் காரையும் சாவியையும் வாங்கிக்கொண்டு போகிறவன் யார் என்று கேட்க இந்த ஊரில் ஒரு விதி கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் சபைப் பெண்களைத் திரட்டி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, இழுவை வண்டி ஓட்டுகிற எவனுக்கும் பழைய குற்றம் உண்டா என்று பார்த்த பிறகே உரிமம் என்று நகரசபையில் சட்டமாக்கிவிட்டேன். ஏழு வருஷத்துக்கு உள்ளே பார்த்தால் போதும் என்றார்கள். நான்தான் எழுந்து, "எவ்வளவு பழசா இருந்தாலும் தோண்டி எடுங்க" என்று சொல்லி அந்த வரியையும் சேர்க்க வைத்தேன். கைதட்டினார்கள், அக்கா.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியது நம் ட்ரே. எல்ஜின் டாலிவர், வாகனத் திருட்டு, குற்றம் நிரூபணம், உரிமம் இல்லை. பிள்ளை அந்தத் தாளோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தான். அவன் மனைவி ஷெரெலுக்கு நிறைமாதம், வண்டியோ வாசலில் சும்மா நிற்கிறது. "பாட்டி, நான் எதையும் திருடலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கர்த்தரிடம் போய்விட்ட உங்கள் தம்பி எல்ஜின் டாலிவர், என் மகன் எல்ஜின் டாலிவர், அவன் மகனும் எல்ஜின் டாலிவர். பெரிய எல், ஜூனியர், மூன்றாமவன் என்பதால் ட்ரே என்று கூப்பிட்டுப் பழகியதில், காகிதத்தில் மூன்று பேரும் ஒரே ஆள் என்பது மறந்தே போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நகரசபை. ஈஸ்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். சபைப் பெண்கள் முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்தார்கள், பின்னால் ட்ரேயும் ஷெரெலும். நடுவில் தலைவி திருமதி ஹார்கெட், ஓரத்தில் கண்ணாடி போட்ட குமாஸ்தா.

"பேரு அப்படியே ஒத்துப்போகுதும்மா" என்றார் குமாஸ்தா.

"ஒத்துத்தான் போகும். வச்சது நான்தானே."

"கையால எழுதின பழைய தாள், வருஷம் மங்கிப்போச்சு. பொறந்த தேதி எழுதவே இல்ல."

"திருடின விதம் எழுதியிருக்கா பாருங்க."

அவர் தாளை விளக்குக்கு அருகில் கொண்டுபோனார். "ரெண்டு கோவேறு கழுதைகளைப் பூட்டி..." என்று வாசித்து நிறுத்திவிட்டார்.

"ஐயா, என் பேரன் கோழி பக்கத்துல வந்தாலே நாற்காலி மேல ஏறிடுவான். அவனா கழுதை பூட்டுவான்?"

"பாட்டி, போதும்" என்றான் ட்ரே, பின்னாலிருந்து.

"அப்ப இது யாரும்மா?" என்று கேட்டார் திருமதி ஹார்கெட்.

அக்கா, அந்தக் கதை நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பிள்ளையின் பிழைப்பு. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சொன்னேன். "என் வீட்டுக்காரர். என்னைப் பொண்ணு கேட்டு ஒரு இன்சூரன்ஸ்காரன் ஞாயிறு தவறாம வந்து, எங்க அப்பா வாசலை அடைச்சுக் காரை நிறுத்திட்டு, உள்ள உட்கார்ந்து பீச் பழப் பலகாரம் தின்னுட்டிருந்தான். இவர் கழுதையைப் பூட்டி அந்தக் காரை இழுத்துட்டுப் போனார். திருடல. வழியை மறிச்ச வண்டியை இழுத்து ஓரமா விட்டார். அதே வேலைக்குத்தான் இன்னைக்கு நீங்க உரிமம் கொடுக்கிறீங்க."

"ஓரமான்னா எங்கம்மா?"

"ஓடையில."

விசிறிகள் நின்றுவிட்டன. பிறகு சிரித்த சிரிப்பில் குமாஸ்தாவின் கண்ணாடி விழுந்தது. திருமதி ஹார்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழசைத் தோண்டுற வரியை எடுத்துடலாமாம்மா?" என்று கேட்டார். "சட்டத்துல கை வைக்காதீங்க. ஹாட்டி வீட்டுல ஒரு ஸ்பூன்கூட மிஞ்சல. பேருக்குப் பக்கத்துல பொறந்த தேதியையும் கேளுங்க, அது போதும்" என்றேன். எல்லாக் கையும் உயர்ந்தது. குமாஸ்தா ஷெரெலின் வயிற்றைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்காவது வேற பேரு வைங்கம்மா, என் கண்ணு போயிடும்" என்று கெஞ்சினார். இந்தப் பேர் ட்ரேயோடு முடிந்தது என்று அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்தேன். மறுநாளே ட்ரேக்கு உரிமம் வந்துவிட்டது. தெருவில் போகும்போது இப்போது என்னை "கழுதைக்காரர் மனைவி" என்கிறார்கள், நிமிர்ந்து நடக்கிறேன்.

உங்கள் சபையில் யாராவது ஜாடையாகக் கேட்டால் தலை குனிய வேண்டாம். கோல்டர்வில் ஊரின் முதல் இழுவை வண்டி ஓட்டுநர் என் தம்பி என்று சொல்லுங்கள். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் தரட்டும். பிள்ளைகள் எல்லாரும் முத்தம் அனுப்புகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒடெஸா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன், அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், மூன்று நாள் கழித்து இதை எழுதுகிறேன். ஆண் குழந்தை, உங்கள் தம்பியின் தாடை, அதே முறைப்பு. மார்க்கஸ் என்று வைக்கலாம் என்றான் ட்ரே. குழந்தையைக் கையில் வாங்கினேன், அவ்வளவுதான், எல்ஜின் டாலிவர் என்று பதிந்தாயிற்று. குமாஸ்தா தெருவில் என்னைக் கண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். தொட்டிலுக்கு மேலே பெரிய எல்லின் படம் ஒன்று மாட்ட வேண்டும். வீட்டில் இருந்தவை வெள்ளத்தோடு போயின. இப்போது என்னிடம் இருப்பது அந்தப் பழைய கோப்பிலிருந்து கேட்டு வாங்கிய போலீஸ் படம்தான், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஆகவே உங்களிடம் இருக்கும் படத்திலிருந்து நகல் ஒன்று எடுத்து, நெஞ்சில் கைதி எண் இல்லாததாகப் பார்த்து, உடனே தபாலில் அனுப்பவும்.