என்வலப் அண்ணையின் ஒரு வோட்டு

ரொறன்ரோவில் இருந்துகொண்டு அமெரிக்க ஜனாதிபதியைத் தெரிவு செய்கிற ஒரே மனிதர் எங்கள் என்வலப் அண்ணைதான். அமெரிக்கர்கள் நவம்பரில் வரிசையில் நின்று அதை உறுதிப்படுத்துவார்கள், அவ்வளவே.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருக்கிறது. நாங்கள் இருக்கிற வோபர்ன் பக்கத்தில் அது யாருக்கும் தெரியாது. தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே முடிவை ஒரு கடதாசித் துண்டில் எழுதி, என்வலப்பில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் எங்கள் கோப்பிக் கடை மேசையில் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவார். தேர்தலுக்கு மறுநாள் காலை அதே மேசையில் பிரிப்பார். அமெரிக்காவோ இலங்கையோ, ஜனாதிபதித் தேர்தல் என்றால் அண்ணையின் கணிப்பு ஒருமுறையும் பிழைத்ததில்லை.

அவருடைய சூத்திரம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"கதிரையில இருக்கிறவனைச் சனம் அவன் செய்த வேலையை வைச்சு அளக்கும். எதிர்த்து வாறவன் இன்னும் ஒண்டும் செய்யேல்லை. அப்ப எதை வைச்சு அளக்கிறது? அவன் எந்தக் கோயிலுக்குப் போறான் எண்டு பாக்கும்."

"சனம் அப்பிடிச் சொல்லுறேல்லையே அண்ணை. சிரிப்பையும் பேச்சையும் பாத்தெல்லோ போடுது?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாயால ஆர் சொல்லுவான்? 'நல்ல மனுசன், ஆனா' எண்டு துடங்குவான். ஆனாவுக்குப் பிறகு மூக்கைச் சொல்லுவான், குரலைச் சொல்லுவான், பெண்சாதியின்ர சட்டையைச் சொல்லுவான். எல்லாம் சாட்டு. ஆள் வடிவாச் சிரிச்சால் பத்து ஆனாவில நாலு அழியும். மிச்சம் ஆறும் பெட்டிக்குள்ள விழும். நல்ல மனுசன் எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடுறான் பாரும், அவன்தான் வோட்டு."

இந்த ஆனாவைத் தேடி அவர் போகாத இடமில்லை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், மருமகன், மருமகனின் பக்கத்து வீட்டுக்காரன் வரை தொலைபேசி எடுப்பார். ஒருமுறை நெஞ்சு நோ என்று அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே நோகிறது என்று நேர்ஸ் கேட்க, இவர் அவளுடைய சொந்தக்காரர் யாராவது மிச்சிகனில் இருக்கிறார்களா என்று கேட்டார். தங்கை இருக்கிறாளாம். எதிர்த்து நிற்பவரைப் பற்றித் தங்கை என்ன சொல்கிறாள்? "நைஸ் மேன், பட்" என்று அவள் தொடங்கியதும் ஈ.சி.ஜி.யில் கோடு துள்ளிவிட்டது. இரண்டு டொக்டர்கள் ஓடிவந்தார்கள். அண்ணை கையைத் தூக்கி, "வன் மினிட், லெற் ஹெர் ஃபினிஷ்" என்றாராம்.

கலியாண வீட்டுக் கதை இதைவிட மோசம். ஒரு தேர்தலுக்கு மூன்று கிழமைக்கு முன் றிச்மண்ட் ஹில்லில் ஒரு கலியாணம். அன்பளிப்பு என்வலப்பும் கணிப்பு என்வலப்பும் ஒரே கோட் பொக்கற்றில் இருந்தன. மணமக்கள் வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், "எதிர்த்து நிற்பவர் கடைசிவரை முயல்வார். ஆனாலும் தோற்பார். நான்கு வருடத்தில் மீண்டும் பார்க்கலாம்" என்று இருந்தது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அது யாரைக் குறிக்கிறது என்று மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். எங்கள் மேசையில் பிரித்த என்வலப்பில் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று இருந்தது. வென்ற ஜனாதிபதிக்குத்தான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சிரிப்பெல்லாம் இவ்வளவும்தான். இனிச் சொல்லப் போவதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணை கத்தோலிக்கர். எங்கள் முதியோர் சங்கத்தில் தொண்ணூறு வீதம் சைவர்கள். இதை ஒரு விஷயமாக யாரும் கதைத்ததில்லை. சங்கத்து ஆட்களை ஒன்பது வருடமாக றிச்மண்ட் ஹில் கோயிலுக்குத் தன் வானில் ஏற்றி இறக்கியவரும் அவர்தான். வானின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஒரு மாதா சுரூபம் வைத்திருந்தார். ஏறுகிறவர்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். இரண்டு பேரும் ஒரு சண்டையும் இல்லாமல் அங்கேயே இருந்தார்கள்.

சங்கத் தலைவரும் அதே ஒன்பது வருடமாகத் தலைவர். அவர் செய்த ஒரே வேலை ஒரு மைக் வாங்கியது. அதையும் வேறு யாரும் தொட விடமாட்டார். போன வருடத்துக்கு முந்தின வருடம் தலைவர் தேர்தல் வந்தபோது, அண்ணை கோப்பிக் கடை மேசையில் கையைத் தட்டினார்.

"எத்தினை பேரின்ர தேர்தலைப் பாத்தாச்சு. இந்த முறை நானும் ஒருக்கா நிக்கப் போறன்."

"உங்கட சூத்திரம் என்னாகும் அண்ணை?" என்று கேட்டேன்.

"அது அமெரிக்கனுக்கு. எங்கட சனம் அப்பிடி இல்லை. நான் ஏத்தி இறக்கின சனம்."

அவருடைய முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. முடி வெட்டினார். புது வேட்டி வாங்கினார். வீடு வீடாகப் போனார். எல்லோரும் தேத்தண்ணி கொடுத்து, நல்ல மனுசன் என்றார்கள். ஆனா குரல் மெல்லிசு என்றார் ஒருவர். ஆனா வான் பழசு என்றார் அந்த வானிலேயே தொங்கிக்கொண்டு போய்வந்த இன்னொருவர். ஆனா வேட்டி இடுப்பில நிக்குதில்லை என்றார் மூன்றாமவர்.

செல்வம் அன்ரி ஒருவர்தான் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று நேரே கேட்டார்.

"வருசா வருசம் கோயில்ல எங்கட சங்கத்தின்ர உபயத் திருவிழா வருது. தலைவர்தான் ஐயருக்கு முன்னால தர்ப்பை போட்டு நிக்கிறது. இவர் எப்பிடி நிப்பார்? கேக்கிறன், குறை விளங்கவேண்டாம்."

எல்லோருக்கும் நெஞ்சுக்குள் இருந்ததை அன்ரி போட்டு உடைத்துவிட்டார். உடைத்ததோடு நில்லாமல் அவரே பதிலையும் சொன்னார்.

"என்ர மனுசன் சும்மாதானே இருக்குது. அது தர்ப்பையைப் போடட்டும், இவர் தலைவரா இருக்கட்டும். என்ர வோட்டு இவருக்கு."

அன்று பின்னேரம் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். ஒட்டின என்வலப் ஒன்றை நீட்டினார்.

"நீர் பேப்பரில எழுதிற ஆள். இது உம்மட்டை இருக்கட்டும்."

"என்ர வோட்டு உங்களுக்குத்தான் அண்ணை. நீங்கள் நல்ல மனுசன்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா மேடையில கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ."

அண்ணை என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்து, "ஓம், ஓம். கதைக்கிறன்" என்றார். திகதி போட மறந்துவிட்டேன் என்று என்வலப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியில் இறங்கி, சற்று நேரத்தில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்.

சமத்துவம், சகோதரத்துவம் என்று கிழமைக்குக் கிழமை பேப்பரில் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை மறைப்புக்குப் பின்னால் பென்சிலை எடுத்தபோது, கோயிலில் ஐயர் கோத்திரம் கேட்கிறார், அண்ணை விழித்துக்கொண்டு நிற்கிறார் என்று ஒரு காட்சி மனதில் வந்தது. கை மைக் வாங்கிய தலைவருக்குப் புள்ளடி போட்டது. ஏன் போட்டேன் என்று தெரியாது என்று எனக்கு நானே பலநாள் சொல்லிக்கொண்டேன். தெரியும். நன்றாகவே தெரியும்.

அண்ணைக்கு இருபத்தெட்டு வோட்டு. தலைவருக்கு முப்பத்துமூன்று.

மறுநாள் காலை கோப்பிக் கடையில் என்வலப்பைப் பிரித்தோம். "எனக்கு இருபத்தொன்பது, அவருக்கு முப்பத்திரண்டு" என்று எழுதியிருந்தது. எங்கட சனம் அப்பிடி இல்லை என்று சொன்னவர், தோற்பேன் என்று தெரிந்துகொண்டேதான் வேட்டி வாங்கியிருக்கிறார். அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு பிழைச்சுப் போச்சு."

"ஒண்டுதானே அண்ணை."

"ஒருநாளும் பிழைச்சதில்லை. வயசு போட்டுது. கூட்டலும் பிழைக்குது."

வீட்டுக்கு வந்து வெறும் என்வலப்பை எறியப் போனபோது உள்ளே இன்னொரு துண்டு இருந்தது. தனக்கு வோட்டுப் போடுவார்கள் என்று அவர் நம்பிய இருபத்தொன்பது பேரின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக, என்னுடைய பெயர். என் பெயருக்குப் பக்கத்தில் பெரிய, அவசரமான எழுத்தில்: "ஆனா சொன்னவர். அந்த ஆனாவைக் கணக்கில் எடுக்கவில்லை. சிநேகிதர்." என்வலப்பின் வாயில் பிரித்துத் திரும்ப ஒட்டிய அடையாளம் இருந்தது. திகதி போட என்று அன்று என் வீட்டுப் படியில் இறங்கியது இதை எழுதத்தான்.

அதன்பிறகு அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதித் தேர்தல் வந்து போனது. மேசையில் மூன்று பேரும் பேனாவோடு காத்திருந்தோம். அண்ணை கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"கணக்குப் பிழைக்கிற ஆள் என்வலப் எழுதக்கூடாது" என்றார். அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கோப்பி ஆறுகிறது அண்ணை என்றேன்.

இப்போது அவர் நகரின் கிழக்கு ஓரம், ரூஜ் பக்கத்தில் மகளோடு இருக்கிறார். கோயில் வானை வேறொருவர் ஓட்டுகிறார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும், பேத்தியைக் கொண்டு இந்தப் பத்தியை ஒவ்வொரு கிழமையும் வாசிப்பித்துக் கேட்பாராம். ஆகவே பிள்ளை, இந்த இடத்தைக் கொஞ்சம் உரத்து வாசி.

அண்ணை, உங்கட கூட்டல் பிழைக்கேல்லை. அந்த ஒரு வோட்டு நான்தான். என்வலப் எழுதுங்கோ, நான் கையெழுத்துப் போடுறன். நீங்கள் நல்ல மனுசன்.