ஒன்றிலிருந்து இரண்டு வரை

ஆடிட்டர் வருகிறாரே என்று, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்க்காரர், நடப்பதெல்லாம் வரிவரியாகத் தானே பதிவாகும் லாக்கைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தினமும் பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஒரு வரியும் இல்லை. யார் உள்ளே வந்தார், எந்தக் கதவில் யார் கார்டைத் தேய்த்தார், எல்லாம் மாயம். எலி கடித்த துணிபோல நடுவில் மட்டும் ஓட்டை.

"அந்த ஓட்டைக்குள்ள முதல்ல விழப்போறது உன் வேலைதான்யா," என்றார் மேனேஜர்.

சர்வர்க்காரர் பதறிப்போய், லாக்கை அழிக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் பிடுங்கித் தன் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டார். மறுநாளும் ஓட்டை.

"அப்போ மிச்சம் நீ ஒருத்தன்தானே?"

ரோஷம் வந்துவிட்டது. எழுதப்படும் ஒவ்வொரு வரியும் உடனே இன்னொரு கம்ப்யூட்டருக்கும் போகும்படி செய்தார். அங்கே போனதை அவரே நினைத்தாலும் அழிக்க முடியாது. மறுநாள் திருடன் அகப்பட்டான். சரியாக இரண்டு மணிக்கு அழித்தவர்: சர்வர்க்காரர்.

"லாக் பொய் சொல்லாதுன்னு நீதானே சொல்லுவே?"

"யாரோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டாங்க சார்!"

பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாள் மேனேஜரைச் சாட்சிக்கு நிறுத்தி, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு மணி ஆனது. அவர் பெயரிலேயே வரிகள் துடைத்துக்கொண்டு போயின.

"காலால டைப் அடிக்கிறியா?"

"செருப்பைக்கூடக் கழட்டலை சார்!"

"சாயந்தரத்துக்குள்ள ஆளைக் காட்டு. இல்லன்னா கார்டைக் கொடுத்துட்டுக் கிளம்பு."

ஆபீசில் மற்றவர்கள் சர்வரில் எழுதிவைத்திருந்த கட்டளைகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார். எல்லோரும் யோக்கியர்கள். எவன் பேரிலாவது ஒரு சின்ன அயோக்கியத்தனம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

கடைசியில் வாசலுக்கு ஓடி வாட்ச்மேனைப் பிடித்தார். "மத்தியானம் சர்வர் ரூமுக்கு யாராவது போறாங்களா? லாக்கை எவனோ தினமும் ரெண்டு மணிக்கு அழிக்கிறான்யா. என் வேலையே போகப்போகுது!"

வாட்ச்மேன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சார் இப்படிக் கேக்கிறீங்க? வீட்டம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப தினமும் ஒரு மணிக்கு ஊட்டிவிடப் போவீங்களே, நீங்க வெளிய போறது யாருக்கும் தெரியாம ரெண்டு மணிக்குத் தானா அழியற மாதிரி எழுதி வச்சிருக்கேன்னு நீங்கதானே சொன்னீங்க... அவங்க போயே நாலு மாசமாச்சு, இன்னுமா அதை நிறுத்தலை?"