வெற்றிகரமாக முடிந்த அப்டேட்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த மகத்தான காரியம், சர்வருக்குச் செவ்வாய்தோறும் 'அப்டேட்' போடுவது. கொலம்பியாவின் புவெர்த்தோ அல்மேந்த்ரோ நகராட்சி இப்புனிதக் கடமையில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அங்கே கணினிப் பிரிவு என்றால் நூபியா ஒருத்திதான். ஆற்றில் நீர் ஏறினால் கரையோரத்து வீடுகளின் செல்போன்கள் அலறும்படி, மூன்று மாதம் உழைத்து ஒரு செருகுநிரல் ('பிளக்-இன்') எழுதி சர்வரில் சேர்த்திருந்தாள். அரசு மென்பொருளின் ஃபோல்டருக்குள் இருந்ததால் ஒவ்வொரு அப்டேட்டும் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். அப்டேட் நாளில் வேறு யாரும் சர்வரைத் தொடக் கூடாது என்பது விதி; எனவே புதன்தோறும் வந்து திரும்ப வைப்பாள்.

மழைக்காலம் தொடங்கியதும் மேலதிகாரி எவரிஸ்தோவிடம் போனாள். அவர் மருத்துவரல்ல; அந்த ஊர் வழக்கப்படி, நாற்காலியில் பஞ்சு இருப்பதால் 'டாக்டர்'.

"டாக்டர், இதைத் தனி ஃபோல்டர்ல வெச்சுட்டா அப்டேட் தொடவே தொடாது. பத்து நிமிஷ வேலை."

"எல்லாரும் ஒரே வீட்ல இருக்கோம், உன்னோடது மட்டும் தனிக்குடித்தனமா?"

"அப்போ இந்த வாரம் மட்டும் அப்டேட்டை நிறுத்தி வைங்க. மலையில மழை கொட்டுது."

"பாதுகாப்புல சமரசமா!" என்று பதறி எழுந்தார்.

உடனே கமிட்டி கூடியது. நான்கு சுற்று கறுப்புக் காப்பி குடித்து, 'தனிக்குடித்தனம்' பற்றி ஆராயத் துணைக்கமிட்டி அமைத்துவிட்டுக் கலைந்தது.

செவ்வாய் மதியம் அப்டேட் முடிந்தது. நான்கு மணிக்கு ஆறு ஏறியது. ஒரு போன்கூட முனகவில்லை. வாழைமரங்கள் மிதந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்த நூபியா தெருவுக்கு ஓடினாள். ஒலிபெருக்கி கட்டிக் கூவி அவகாடோ விற்பவனின் மூன்றுசக்கர வண்டியில் ஏறி மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் மாதா கோயில் மேட்டுக்கு ஏறுங்க!"

ஒருத்தி ஜன்னலைத் திறந்து, "அவகாடோ பழுத்ததா, காயா?" என்றாள்.

"அடியே, ஆறு உன் அடுப்படிக்கு வந்துட்டிருக்கு! பிள்ளைங்களத் தூக்கிட்டு ஓடு!"

உயிர்ச்சேதம் இல்லை. நாற்பது வீடுகள் போயின. தண்ணீர் வடிந்ததும் நூபியா யாரையும் கேட்காமல் செருகுநிரலைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் அழுதாள்.

விசாரணையில் டாக்டர் எழுந்து, "அப்டேட்டில் பிழைகள் பூஜ்யம்" என்று வாசித்தார். கைதட்டல் எழுந்தது. அனுமதியின்றி ஒலிபெருக்கி பயன்படுத்தியதற்காக நூபியாவுக்கு மெமோ தரப்பட்டது.

"வீடெல்லாம் போச்சே டாக்டர், அதை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

அவர் பக்கத்தைப் புரட்டி, குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்:

"புதிய பதிப்புக்குப் பொருந்தாத நாற்பது வீடுகள் நீக்கப்பட்டன."